மைக் வைத்த ஜாய்ஸ்டிக்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிற ஆள். கேஸை மூடினேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வந்து பார்ப்பேன். பிளாட்பாரத்தில் ரயில் வருகிறது என்றால் பின்னால் இருக்கிற சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பேன். பரீட்சை என்றால் முந்தின நாளே காய்ச்சல் வந்துவிடும். அதனால்தான் ஒன்பதாவதோடு நின்றேன். "படிச்சு சாவறதுக்கு, படிக்காம உயிரோட இருடா" என்று சொல்லி அப்பா என்னைத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு பேக்கரியில் சேர்த்துவிட்டார். இப்படிக் கரன்ட், ரயில், நாய், வயிற்றுவலி என்று நிஜமான பயங்களே வரிசையில் நின்றதால் பேய்க்கு என் மனசில் இடமே இருக்கவில்லை. யாராவது பேய்க்கதை சொன்னால் எனக்குக் கொட்டாவிதான் வரும். இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்களும் கொட்டாவி விடலாம். விடுங்கள், ஆனால் கடைசிவரை கேட்டுவிட்டு விடுங்கள்.

அப்போது நாங்கள் இரும்புலியூரில் குடியிருந்தோம், கடைசித் தெருவில். கீழ் போர்ஷனில் நாங்கள், மாடியில் யூசுப்பும் அவனுடைய உம்மாவும். அந்த அம்மாவை நானும் உம்மா என்றுதான் கூப்பிடுவேன். அவர்களுக்கு வீசிங் உண்டு, மழைக்காலம் வந்தால் மூச்சு விசில் அடிக்கும். யூசுப் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்த்தான். அவன் என்னை மச்சான் என்பான், நான் அவனைப் பாய் என்பேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக ஞாபகமே இல்லை.

எங்கள் இரண்டு பேருக்கும் பைத்தியம் ஒன்றே ஒன்றுதான், பழைய டிவி கேம். நான் சொல்கிற காலம் இரண்டாயிரத்துக்கு அப்புறம். பசங்கள் எல்லாம் பிரவுசிங் சென்டரில் கம்ப்யூட்டரில் துப்பாக்கி கேம் ஆடிக்கொண்டிருந்தார்கள், கேசட் போடுகிற டிவி கேமை எல்லோரும் பரணில் போட்டாகிவிட்டது. நாங்கள் மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல், யூசுப் தொழுகை முடித்து வந்ததும், பல்லாவரம் சந்தைக்குப் போவோம். துருப்பிடித்த மிக்ஸிக்கும் உடைந்த ரேடியோவுக்கும் நடுவில் குந்திக்கொண்டு கேசட், வயர் அறுந்த ஜாய்ஸ்டிக், உள்ளே கரப்பான் குடித்தனம் நடத்துகிற டிவி கேம் என்று பொறுக்கிக்கொண்டு வருவோம். வீட்டுக்கு வந்து ரப்பரால் கேசட்டின் அடியில் இருக்கிற செம்புப் பல்லைத் தேய்த்து, ஊதிப் போட்டு, திரையில் படம் வந்துவிட்டால் அந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை எப்படிச் சொல்வது, செத்த ஆள் எழுந்து உட்கார்ந்து டீ கேட்ட மாதிரி இருக்கும்.

எங்களிடம் இருந்ததிலேயே பெரிய சொத்து, சிவப்பும் வெள்ளையுமாக ஒரு ஜப்பான் பெட்டி. கப்பலில் வேலை செய்த யூசுப்பின் மாமா எப்போதோ கொண்டுவந்தது. நம் ஊரில் எல்லோரும் ஆடியது அதைப் பார்த்துச் செய்த டூப்ளிகேட்டுகளைத்தான். அசலில் ஒரு விஷயம் உண்டு, நம்புங்கள், அதன் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கில் சின்னதாக ஒரு மைக் இருக்கும். குட்டிக் குட்டி ஓட்டையாக ரேடியோ மாதிரி. அதில் பேசினால் நம் குரல் டிவியிலிருந்து கரகரவென்று வரும். அந்த மைக்கை எதற்கு வைத்தார்கள் என்றே முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. யூசுப்புக்கு அதன்மேல் ஒரு கண்.

வெளிநாட்டில் சிலர் இன்னமும் இந்தப் பழைய பெட்டிக்குப் புதுசு புதுசாக கேம் எழுதுகிறார்கள், கடையில் விற்பதற்கு இல்லை, சும்மா ஆசைக்கு, என்று அவன் இன்டர்நெட்டில் பார்த்துவிட்டான். அன்றையிலிருந்து அவனுக்குத் தூக்கம் போயிற்று. கடையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, மாதக்கணக்கில் உட்கார்ந்து, அவனே ஒரு கேம் எழுதினான். எழுதினதை ஒரு சிப்பில் ஏற்றி, பழைய கேசட்டைப் பிளந்து உள்ளே வைத்தான். அந்தச் சிப்புக்கு நடுவில் ஒரு குட்டிக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். எழுதினதை அழிக்க வேண்டுமென்றால் அந்த ஜன்னலில் வெயில் படவேண்டும், நாள் கணக்கில். அழியக்கூடாது என்றால் மேலே ஸ்டிக்கர் ஒட்டிவிட வேண்டும். மொட்டைமாடியில் உம்மா ஒரு பக்கம் வத்தல் காயவைப்பார்கள், பக்கத்திலேயே இவன் சிப்பைக் காயவைப்பான். "இதையும் பொரிச்சுத் தரட்டுமா வாப்பா" என்று உம்மா கேட்பார்கள்.

கேம் ரொம்ப சாதாரணம். திரை முழுக்க இருட்டு. நடுவில் ஒரு சின்ன ஆள், அவனைச் சுற்றி ஒரு சாண் வெளிச்சம், அவ்வளவுதான். முதல் ஜாய்ஸ்டிக் வைத்திருப்பவன் அவனை நடத்தி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டாவது ஜாய்ஸ்டிக் வைத்திருப்பவனுக்குக் குரல் மட்டும்தான். மைக்கில் கூப்பிட்டால், கூப்பிடுகிற நேரத்துக்கு மட்டும் வழி வெளிச்சமாகும். நிறுத்தினால் மறுபடி இருட்டு. அந்த வழி எங்கள் தெருவேதான். மெடிக்கல் ஷாப்பிலிருந்து கிளம்பி, டீக்கடை, டிரான்ஸ்ஃபார்மர், காலி மனைகள், எங்கள் வீட்டு மாடிப்படி. டிரான்ஸ்ஃபார்மருக்கு இடது கைப்பக்கம் ஏரித் தண்ணீர் போகிற கால்வாய். அதில் கால் வைத்தால் ஆட்டம் காலி.

எப்போதும் அவன் நடத்துவான், நான் கூப்பிடுவேன். எனக்கு மெதுவாகக் கூப்பிட வராது. இருட்டில் ஒரு ஆள் போகிறான் என்றாலே, அது பொம்மை என்று தெரிந்தாலும், எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். "டேய் டேய் டேய், அங்க போவாதடா, இப்டி வாடா, ஐயோ வாடா" என்று அலறுவேன்.

"மச்சான், கொலை நடக்குற வூட்லகூட இவ்ளோ சத்தம் வராது."

"பின்ன இன்னா பாய், கால்வாய் ஓரமாவே இட்னு போற."

"நான் இட்னு போறதே நீ கத்துறத கேக்கத்தான்."

இப்படி வம்பு பண்ணுவான். ஆனால் கேமில் எங்கே தப்பு இருக்கிறது என்று பார்க்க மட்டும் முதல் ஜாய்ஸ்டிக்கை என் கையில்தான் கொடுப்பான். "மத்தவன்லாம் தைரியமா நேரா போயிடுவான், தப்பு தெரியாது. நீ பயந்து பயந்து ஓரமாவே போற பாரு, தப்பு அங்கதான் ஒளிஞ்சுகினு கீது" என்பான். அதனால் அந்த கேமின் ஓரம் எல்லாம் எனக்கு அத்துப்படி. கால்வாய்க்கு அந்தப் பக்கம், திரையின் இடது கோடியில், ஒன்றுமே கிடையாது. அவன் அங்கே ஒரு செங்கல்கூட வரையவில்லை. நான் எத்தனையோ தடவை போய்ப் பார்த்திருக்கிறேன், கால்வாயிலேயே ஆட்டம் முடிந்துவிடும், ஆள் அங்கே போகவே முடியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் மழை. தாம்பரம் பக்கம் இருந்தவர்களுக்கு எந்த மழை என்று சொல்லவே வேண்டாம். பெய்தது, பெய்தது, விடவே இல்லை. ஏரி நிரம்பி வழிய ஆரம்பித்துவிட்டது. அப்பாவும் அம்மாவும் அக்கா பிரசவத்துக்காகக் காஞ்சிபுரம் போயிருந்தார்கள், நான் தனியாள். காலையில் எங்கள் வாசல்படியில் இருந்த தண்ணீர் மத்தியானம் கட்டிலுக்குக் கீழே வந்துவிட்டது. கிரைண்டரையும் அரிசி டின்னையும் பரணில் ஏற்றிவிட்டு மாடிக்கு ஓடினேன். கரன்ட் முந்தின நாளே போய்விட்டது. செல்போனில் டவர் இல்லை.

மாடியில் உம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்து தீர்ந்து போயிருந்தது. யூசுப் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினான். நானும் வருகிறேன் என்றேன்.

"நீ வந்தா உன்ன யாரு பாத்துக்கறது? உம்மாவ தனியா வுட முடியாது மச்சான். நீ இங்கயே இரு. மெயின் ரோட்டுல ஒரு கடையாவது தொறந்திருக்கும்."

"எனக்கு நீச்சல் தெரியாது பாய்."

"எனக்கு மட்டும் தெரியுமா? நடக்கத்தானே போறேன்."

சிரித்துக்கொண்டே போனான். அவன் போகும்போது டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் தண்ணீர் அவன் இடுப்புக்கு இருந்ததை மாடியிலிருந்து பார்த்தேன். எது ரோடு, எது காலி மனை, எது கால்வாய் என்று ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் ஒரே காப்பிக்கலர்த் தண்ணீர். போய் ரொம்ப நேரம் ஆயிற்று. சாயங்காலத்திலேயே இருட்டிவிட்டது. நான் ஜன்னலுக்கும் உம்மாவுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். மெழுகுவத்தியும் கரைந்து அணைந்தது.

"தம்பி, நீ நடக்குறத பாத்தா எனக்கு இன்னும் மூச்சு வாங்குது" என்றார்கள் உம்மா. "உங்க அந்தப் பொட்டிய போடு. வெளிச்சமாவது வரட்டும்."

மற்ற நாளில் நாங்கள் கேம் போட்டாலே "ஷைத்தான் மாதிரி கத்தாதீங்கடா" என்று திட்டுகிறவர்கள், அன்றைக்கு அவர்களாகவே கேட்டார்கள். யூசுப் கரன்ட் கட்டுக்காக ஒரு பழைய கார் பேட்டரியில் ஒயர் இழுத்து, குட்டி பிளாக் அண்ட் ஒயிட் டிவியும் கேம் பெட்டியும் ஓடுகிற மாதிரி செய்துவைத்திருந்தான். முதலில் டிவியில் ஏதாவது நியூஸ் வருகிறதா என்று திருகிப் பார்த்தேன், வெறும் புள்ளிதான். கேம் பெட்டியைப் போட்டேன். உள்ளே இருந்தது அந்த இருட்டு கேம் கேசட். மழையில் வெயில் ஏது, சிப்பை அழித்து மாற்றி எழுத முடியாமல் கடைசியாக எழுதினதே அப்படியே கிடந்தது.

முதல் ஜாய்ஸ்டிக்கில் ஸ்டார்ட்டை அமுக்கிவிட்டு அதைக் கீழே வைத்துவிட்டேன். ஆடுகிற எண்ணம் இல்லை, வெளிச்சத்துக்குத்தான். ஆனால் பழக்கதோஷம், கை தானாக இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது.

திரையில் அந்தச் சின்ன ஆள் நின்றான். அப்புறம் நடக்க ஆரம்பித்தான்.

ஈரத்தில் பட்டன் ஒட்டிக்கொண்டிருக்கும் என்றுதான் நினைத்தேன். அப்படி ஆகும், எத்தனையோ தடவை ஆகியிருக்கிறது. முதல் ஜாய்ஸ்டிக்கை எடுத்து உதறினேன், எல்லாப் பட்டனையும் அமுக்கி அமுக்கி விட்டேன். அவன்பாட்டுக்கு நடந்தான். ஒட்டிக்கொண்ட பட்டன் என்றால் ஒரே பக்கம்தானே போகும்? இவன் இரண்டடி வைத்தான், நின்றான், மறுபடி வைத்தான். காலால் தரையைத் தேடிக்கொண்டு போகிற ஆள் எப்படிப் போவானோ அப்படி.

அப்புறம்தான் பார்த்தேன், அவனுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள்.

இந்த கேமில் இரண்டாவது ஆள் கிடையாது. எனக்குத் தெரியாத ஓரம் இதில் இல்லை என்று சொன்னேனே. அந்த இரண்டாவது ஆள் கொஞ்சம் பருமனாக, முதுகு கூனி, எதையோ தள்ளிக்கொண்டு போகிற மாதிரி இருந்தான். இரண்டு பேரும் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

"தம்பி," என்றார்கள் உம்மா. கட்டிலில் சாய்ந்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை மாதத்தில் அவர்கள் அந்தக் கேமை ஒரு நிமிஷம்கூடப் பார்த்ததில்லை. "அது என் புள்ள நடை."

அது பொம்மை உம்மா என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு. ஜாய்ஸ்டிக்கை வாயருகில் வைத்துக்கொண்டு, "டேய் பாய்!" என்று கத்தினேன்.

திரை பளிச்சென்று ஆனது. இடது பக்கம் கால்வாய் அவன் காலுக்கு ஓரடி தள்ளித்தான் இருந்தது.

அதற்கப்புறம் நான் நிறுத்தவில்லை. "டேய் பாய், இப்டி வாடா, அந்தாண்ட போவாதடா, கால்வாய்டா அது, ஐயோ வாடா, நான் இங்க கீறேன்டா" என்று, என்ன சொன்னேன் என்றே தெரியாமல் கத்தினேன். அழுதுகொண்டே கத்தினேன் என்று உம்மா பிறகு சொன்னார்கள். நான் கத்தும்போது முதல் ஆள் திரும்பினான். ஒரு அடி, அப்புறம் ஒரு அடி. இரண்டாவது ஆள் திரும்பவில்லை. அவர் இடது பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். "அண்ணே, அந்தப் பக்கம் போவாதீங்கண்ணே" என்று அவரையும் கூப்பிட்டேன். அவருக்குக் காதில் விழுந்த மாதிரியே இல்லை.

என் தொண்டை கட்டிவிட்டது. காற்றுதான் வந்தது. உம்மா கையை நீட்டி ஜாய்ஸ்டிக்கை வாங்கிக்கொண்டார்கள். அவர்களுக்குக் கூப்பிட மூச்சு ஏது? மைக்கை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு மூச்சு மட்டும் விட்டார்கள். அந்த விசில் மூச்சு ஒவ்வொரு தடவை வரும்போதும் திரை லேசாக வெளிச்சமாகி அணைந்தது. வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டு. அந்த வெளிச்சத்தில் அவன் கொஞ்சம் கொஞ்சமாக மாடிப்படியைப் பார்த்து வந்துகொண்டிருந்தான். மற்றவர் கால்வாய்க்குள் கால் வைத்தார். ஆட்டம் முடியவில்லை. கால்வாயைத் தாண்டி, இடது கோடியைத் தாண்டி, ஒன்றுமே வரையாத அந்த இடத்துக்குள் நடந்து போனார்.

பேட்டரி இறங்க ஆரம்பித்தது. படம் நாலு பக்கமும் சுருங்கிக்கொண்டே வந்து, சீட்டுக்கட்டு அளவாகி, புள்ளியாகி, போய்விட்டது. முதல் ஆள் படியில் கால் வைத்தானா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. இருட்டில் உம்மாவின் மூச்சும் மழையும்தான். எழுந்து ஓடலாம் என்றால் எங்கே ஓடுவது, கீழே என் வீட்டுக்குள்ளேயே தண்ணீர். உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள், எனக்கு ஓதவும் தெரியாது. என் வாழ்க்கையில் நான் எதற்கும் உதவாதவன் என்று நினைத்த நேரங்கள் நிறைய உண்டு, ஆனால் அந்த மாதிரி ஒரு நேரம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அப்புறம் படியில் சளக் சளக் என்று சத்தம்.

யூசுப் உள்ளே வந்தான். மருந்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தலையில் கட்டியிருந்தான். பல் அடித்துக்கொண்டிருந்தது. உம்மா மருந்தை உறிஞ்சி, மூச்சு கொஞ்சம் அடங்கி, அவன் தலையைத் துவட்டிவிட்ட பிறகுதான் அவன் வாயைத் திறந்தான்.

"மச்சான், நீ எங்கடா நின்னுகினு கத்துன? மொட்டமாடிலயா?"

"நான் வூட்டவுட்டே போவல பாய்."

"பொய் சொல்லாத. டிரான்ஸ்ஃபார்மராண்ட வரைக்கும் நல்லா கேட்டுது. டிவிலேருந்து வருமே, அந்த மாதிரி கரகரன்னு."

அந்த மழையில் பக்கத்தில் நின்று பேசினாலே கேட்காது. எங்கள் வீட்டுக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் நடுவில் ஒரு தெரு நீளம் காலி மனை.

அவனாகவே சொன்னான். டீக்கடைப் பக்கம் ஒருத்தர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து அவனோடு சேர்ந்துகொண்டாராம். ரெயின்கோட், ஹேண்டில்பாரில் டிபன்கேரியர். வயசானவர். இரண்டு பேரும் பேசிக்கொண்டே டிரான்ஸ்ஃபார்மர் வரை வந்தார்களாம். அங்கே தண்ணீர் நெஞ்சுக்கு வந்துவிட்டது, இருட்டு, எந்தப் பக்கம் கால் வைப்பது என்று தெரியாமல் நின்றபோது குரல் கேட்டதாம்.

"ரெண்டு குரல் மச்சான். ரெண்டும் உன் குரல்தான்."

"ரெண்டுன்னா?"

"வூட்டுப் பக்கத்துலேருந்து ஒண்ணு. கால்வாய்ப் பக்கத்துலேருந்து ஒண்ணு. கால்வாய்ப் பக்கம் கேட்டது நல்லா தெளிவா, நிதானமா, 'இங்க வாங்க, இங்க ஆழமே இல்ல, மெதுவா வாங்க'ன்னு கூப்டுது. அந்த ஆளு, 'அதோ கூப்புடறாங்க பாரு தம்பி, வா போலாம்'னு என் கையப் புடிச்சாரு. அவருக்கு அந்த ஒரு குரல்தான் கேட்டுது போல. இந்தப் பக்கம் நீ கத்துறது அவருக்குக் கேக்கவே இல்ல."

"நீ?"

"நான் ஒரு நிமிசம் அந்தப் பக்கம்தான் திரும்புனேன்."

உம்மா அவன் முதுகில் கையை வைத்தபடியே இருந்தார்கள், எடுக்கவில்லை.

"அப்புறம் ஏன் போவல?" என்றேன்.

யூசுப் என்னைப் பார்த்தான். வம்புக்குச் சிரிக்கிற முகம்தான் அவனுக்கு, அன்றைக்கு அது இல்லை.

"நீ என்னிக்குடா பயப்படாம கூப்ட்டிருக்க? அதான். பயந்த குரல் எதுவோ அதுதான் நீன்னு இந்தப் பக்கம் வந்தேன். அந்தாள இழுத்தேன் மச்சான், சத்தியமா இழுத்தேன். கைய உதறிட்டு, 'வூட்ல காத்துகினு இருப்பாங்க தம்பி'ன்னு சைக்கிளத் தள்ளிகினே போய்ட்டாரு. சைக்கிள் மணி மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுது."

தண்ணீர் வடிந்த பிறகு இரண்டு பேரும் கால்வாய் நீளத்துக்கும் நடந்து பார்த்தோம். சைக்கிள் இல்லை, டிபன்கேரியர் இல்லை. டீக்கடையில் கேட்டோம், போலீஸ் ஸ்டேஷனிலும் போய் அடையாளம் சொன்னோம். அப்படி ஒருவரைக் காணவில்லை என்று யாரும் வந்து சொல்லவில்லை என்றார்கள். பக்கத்துத் தெருக்களில் விசாரித்தோம். யாருக்கும் அப்படி ஒருவரைத் தெரியவில்லை. ஒருவேளை அவர் கரையேறிப் போயிருக்கலாம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

யூசுப்பிடம் நான் திரையில் பார்த்ததைச் சொன்னபோது அவன் படித்தவன் மாதிரி எல்லாவற்றுக்கும் காரணம் சொன்னான். பேட்டரி இறங்கினால் பெட்டிக்குள் குப்பையெல்லாம் கலந்து ஒரு பொம்மை இரண்டாகத் தெரியும், ஈரத்தில் பட்டன் தன்னால் வேலை செய்யும், மழைச் சத்தத்தையே மைக் குரலாக எடுத்துக்கொள்ளும். எல்லாம் சரியாகத்தான் இருக்கும், நான் மறுக்கவில்லை. "சரி, நீ கேட்டது?" என்றேன். அதற்கு மட்டும் அவன் எழுந்து போய்விட்டான்.

கோடை வந்ததும் சிப்பை அழிக்கப்போகிறேன் என்று அவன் அந்தக் கேசட்டைக் கையில் எடுத்தான். மொட்டைமாடிக்குப் போகும் முன் கடைசியாக ஒரு தடவை போட்டுப் பார்ப்போம் என்று போட்டோம். சின்ன ஆள் நடுவில் நின்றான், எப்போதும் போல, ஜாய்ஸ்டிக் சொன்னபடி நடந்தான். நான் மைக்கில் கூப்பிட்டேன். வெளிச்சம் வந்தது. இடது கோடியில், கால்வாய்க்கு அந்தப் பக்கம், ஒன்றுமே வரையாத இடத்தில், முதுகு கூனிய அந்த ஆள் நின்றுகொண்டிருந்தார். பேட்டரி இல்லை, வீட்டுக் கரன்ட்தான். யூசுப் பெட்டியை அணைத்துக் கேசட்டை உருவினான்.

"அழிச்சுடறேன் மச்சான், இப்பவே வெயில்ல வெச்சுடறேன்" என்றான்.

நான் விடவில்லை. அழித்தால் யாரை அழிக்கிறோம் என்று தெரியவில்லையே. கேசட்டைப் பிடுங்கி, சிப்பின் ஜன்னல்மேல் ஒன்றுக்கு இரண்டாக ஸ்டிக்கர் ஒட்டி, என் பீரோவுக்குள் வைத்துவிட்டேன்.

யூசுப் அப்புறம் மஸ்கட் போய்விட்டான். பெட்டியையும் குட்டி டிவியையும் என்னிடமே விட்டுவிட்டான், ஊருக்கு வந்தால் எல்லாம் பேசுவான், அதைப் பற்றி மட்டும் கேட்கமாட்டான். ஒவ்வொரு வருஷமும் முதல் மழைக்கு நான் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கேசட்டைப் போடுகிறேன். அவர் அங்கேதான் நிற்கிறார். நான் கூப்பிடும்போதெல்லாம் வெளிச்சம் வருகிறது, முதுகு தெரிகிறது, அவர் திரும்புவதில்லை. "அண்ணே, இந்தப் பக்கம் வாங்கண்ணே" என்று தொண்டை கட்டுகிறவரை கூப்பிடுவேன். என் பயந்த குரல் அன்றைக்கும் அவருக்குக் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை.

நிதானமாக, பயமில்லாமல் கூப்பிட்டால் ஒருவேளை திரும்புவார். எத்தனையோ தடவை மூச்சை இழுத்துப் பிடித்து முயற்சி செய்து பார்த்துவிட்டேன். அந்தக் குரல் எனக்கு வரமாட்டேன் என்கிறது. ஆனால் அன்றைக்குக் கால்வாய்ப் பக்கத்தில் யாருக்கோ அது வந்திருக்கிறது, என் தொண்டையிலேயே.